ஒன்பது பொட்டலங்கள்

எபேன் கட்டடத்தின் ஏழாம் மாடியில் என் வேலை
எப்போது கத்த வேண்டும் என்று
இயந்திரத்துக்குச் சொல்லிவைப்பது.

ஐந்துக்கு மூன்றரைக்குக் கீழே தரம் போனால் கத்து.
நூறில் ஒரு பொட்டலம் தொலைந்தால் கத்து.
நடுக்கம் முப்பது மில்லிநொடி தாண்டினால் கத்து.
முதலில் இவ்வளவுதான் எழுதியிருந்தேன்.

அது கத்தியது.
பிரான்சில் யாரோ பேசிக்கொண்டே
சுரங்கப்பாதைக்குள் நுழைந்தாலும் கத்தியது.
ஒரே இரவில் இருநூற்றுப் பதினொன்று.
தைப்பூசத்தன்று
மலைக்கோவில் படியில் காவடியோடு நிற்கிறேன்,
நாக்கில் வேல்.
மச்சான் பையில் என் போன்
அதிர்கிறது, நிற்கிறது, அதிர்கிறது.
"எடுக்கவா?" என்கிறான்.
நான் என்ன சொல்ல?

மறுநாளே ஒரு வரி சேர்த்தேன்:
தொடர்ந்து ஐந்து நிமிடம் கெட்டுக்கிடந்தால் மட்டும்.
அதன்பின் தூங்கினேன்.
ஓசையற்ற பலகையைப் பார்த்து
மேலாளர் குர்ப்பென் கை குலுக்கினார்.

பிப்ரவரி. வெளியே இரண்டாம் எண் புயல் எச்சரிக்கை.
லிமோஜிலிருந்து ஓர் அம்மாள், மின்கட்டணம் பாக்கி,
எங்கள் லொவேனாவோடு பேசினாள்
(ஹெட்போன் மாட்டினால் அவள் பெயர் கிளேர்).
குரலை இருபது மில்லிநொடித் துண்டுகளாய் நறுக்கி
பொட்டலம் கட்டி
பாதி உலகம் கடலடியில் இழுத்து வருகிறோம்,
கரையேறியதும் ஒட்டுகிறோம்.
அம்மாள் கடைசியாய்ச் சொன்னது "கூப்பே பா".
வெட்டாதீர்கள்.
பிரெஞ்சில் மறுப்பு வாக்கியத்தின் வாலில் இருக்கிறது.
வால் எங்கோ தண்ணீரில் விழுந்துவிட்டது.
வந்து சேர்ந்தது "கூப்பே".
வெட்டுங்கள்.
லொவேனா நன்றி சொல்லி
"வாடிக்கையாளர் விருப்பப்படி" என்று பதிந்தாள்.

மூன்று நாள் இருட்டில் இருந்தாளாம்,
அந்தக் குளிரில்.

"அலாரம் ஏன் அடிக்கவில்லை?"

கணக்குப் போட்டுக் காட்டினேன்.
நொடிக்கு ஐம்பது பொட்டலம்,
நான்கு நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம்.
தொலைந்தது ஒன்பது.
ஆயிரத்துக்கு ஒன்றுகூட இல்லை.
தரம் நான்கு புள்ளி இரண்டு.
அழைப்பு ஐந்து நிமிடமே ஆகவில்லை.
வரைபடம் பச்சை,
மழைக்குப் பிந்திய கரும்பைப் போலப் பச்சைப் பசேல்.
எல்லாரும் தலையாட்டினார்கள். நானும்.

பள்ளியில் தமிழ்ப் பரீட்சையில்
வேண்டாம் என்பதற்கு வேண்டும் என்று எழுதி
அரை மதிப்பெண் விட்டவன் நான்.
ஒரு துணைக்கால்.
அரைதானே என்று சைக்கிளை மிதித்துக்கொண்டு
வீட்டுக்குப் போனேன்.

புது விதி ஒன்று எழுதிப் பார்த்தேன்:
அடுத்தடுத்து ஒன்பது விழுந்தால் கத்து.
ஒரு காலைப்பொழுதில் நாலாயிரம் முறை.
பெரும்பாலும் மூச்சு. இருமல். 'உம்' கொட்டல்.
ஒருவர் தன் நாயை அதட்டியது.
விழுந்தது மூச்சா மறுப்பா என்று
எந்தக் கோட்டுக்குத் தெரியும்?
அழித்துவிட்டேன்.

லொவேனா எங்கள் யாரையும் கேட்கவில்லை.
இப்போதெல்லாம் முடிப்பதற்கு முன்
"வெட்டவா, வேண்டாமா,
இன்னொரு முறை சொல்லுங்கள்" என்கிறாள்.
சொல்லும்வரை காத்திருக்கிறாள்.
அழைப்புக்குப் பதினொரு நொடி கூடுதல்.

அதற்கும் ஓர் அலாரம் இருக்கிறது.
என்னுடையது அல்ல, குர்ப்பெனுடையது.
சராசரிப் பேச்சு நான்கு நிமிடம் தாண்டினால்
பெயர் சிவப்பாகும்.
மூன்று நாளாய் அவள் சிவப்பு.
அந்தக் கோட்டைத் தொட எனக்கு உரிமை இல்லை.
கடவுச்சொல் மட்டும் இருக்கிறது.

நேற்று அதிகாலை இரண்டேகாலுக்கு
இருநூற்று நாற்பதை அழித்து
இருநூற்று அறுபது என்று தட்டினேன்.
கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

எட்டு மணிக்குக் குர்ப்பென் வந்தார்.
பலகையைப் பார்த்தார்.
என்னிடம் வந்து
கை குலுக்கினார்.